பங்குக் கிணறும் எங்கட பண்பாடும்

(எமது சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டதற்கிணங்க எழுத்தில் தரப்படுகிறது.)



"எங்கள் ஊர் விவசாயமும் பண்பாடும்" என்ற தலைப்பில் கொஞ்ச நேரம் பேச வேண்டுமென்று நிர்வாகம் கேட்டது. நான் பேச்சாளன் இல்லை. உயர்தரம் வரை படித்துவிட்டு, இந்த ஜேர்மனி நாட்டுக்கு வந்து, தொழிற்சாலையில் பொதி கட்டுகிறவன். 1990 ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கிலிருந்து எங்கள் குடும்பம் இடம்பெயர்ந்தபோது நான் கைக்குழந்தை. எங்கட தோட்டத்து மண் சிவப்பு என்பதே அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஆனால் என்னோடு ஒரே தொழிற்சாலையில் ஒரு பெரியவர் வேலை செய்கிறார். 1985 இல் இங்கே வந்தவர். இந்த வருஷக் கடைசியில் ஓய்வூதியத்துக்குப் போகிறார். அவரும் எங்கட பக்கத்து ஊர்தான். சிறு வயதில் இருந்து தோட்டத்தில் நின்றவர். "பேர் சொல்லாதை தம்பி, விசயத்தைச் சொல்லு" என்று கேட்டுக்கொண்டார். அதனால் ஐயா என்றே சொல்கிறேன். இந்தப் பேச்சில் உள்ள சரக்கு பெரும்பாலும் அவருடையது. கோர்த்தது மட்டும் நான்.

முதலில் துலாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கே பிறந்த பிள்ளைகளிடம் துலா என்று சொன்னால் ராசியைச் சொல்கிறோம் என்றுதான் நினைப்பார்கள்.

யாழ்ப்பாணத்தில் வருஷம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. வழுக்கியாறு கூட மாரியில் மட்டும் ஓடுவதுதான். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்யும் மழை நிலத்துக்குக் கீழே உள்ள சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தங்கும். அந்தத் தண்ணீரைக் கிணறு வெட்டி எடுத்துத்தான் எங்கட ஆட்கள் வெங்காயம், மிளகாய், புகையிலை, குரக்கன் எல்லாம் செய்தார்கள்.

கிணற்றடியில் மரக் கவரில் ஒரு நீண்ட மரம் பொருத்தியிருக்கும். அதுதான் துலா. அதன் நுனியில் கொடி கட்டி, கொடியில் பட்டை தொங்கும். முந்திப் பனையோலையில் இழைத்த பட்டை, பிறகு தகர வாளி. ஒருவர் கிணற்றுக் கட்டில் நின்று பட்டை பிடிப்பார். இன்னும் ஒருவரோ இருவரோ துலாவின் மேல் ஏறி முன்னும் பின்னும் நடப்பார்கள். முன்னுக்கு நடந்தால் பட்டை கிணற்றுக்குள் இறங்கும். பின்னுக்கு வந்தால் நிறைந்த பட்டை மேலே வரும். தண்ணீர் தொட்டியில் விழுந்து வாய்க்காலால் ஓடிப் பாத்திக்குப் போகும். அங்கே ஒருவர் மண்வெட்டியோடு நின்று ஒரு பாத்தி நிறைந்ததும் அடைத்து அடுத்த பாத்தியைத் திறந்து விடுவார். இதற்குத் "தண்ணி மாறுறது" என்று பெயர்.

ஐயா எட்டு வயதில் பள்ளிக்கூடம் போக முதல் செய்த வேலை அதுதான். விடியப்புறம் மூன்று மணிக்கு, அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில்.

"அப்புவும் சித்தப்பாவும் துலாவில. நான் கீழ பாத்தியில. இருட்டுக்குள்ள ஆளைத் தெரியாது. அப்பு படிக்கிற இறைப்புப் பாட்டு மட்டும்தான் கேக்கும். பாட்டு நிண்டால் எனக்கு நெஞ்சு பக்கெண்டும், விழுந்திட்டாரோ எண்டு."

பாட்டு என்பது களைப்புத் தெரியாமல் இருக்கவும், எத்தனை பட்டை இறைத்தது என்று கணக்கு வைக்கவும்தான். அதை இப்போது நாங்கள் மேடையில் நடனமாக ஆடுகிறோம். ஆடத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பாட்டுக்குள் ஒரு பையனின் பயம் இருந்தது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

அடுத்தது பங்குக் கிணறு. எங்கட பக்கம் தோட்டக் காணிகள் துண்டு துண்டானவை. 16 பரப்பு ஒரு ஏக்கர். பலரிடம் இருந்தது நாலு பரப்பு, ஐந்து பரப்புத்தான். அவ்வளவுக்கு ஆளுக்கொரு கிணறு வெட்ட முடியாது, கல்லுடைக்க வேண்டும். ஆகவே பல குடும்பங்கள் ஒரு கிணற்றில் பங்காளிகள். நொத்தாரிசு காணி உறுதி எழுதும்போது காணியின் எல்லையோடு கிணற்றில் உள்ள பங்கையும், வழி வாய்க்கால் உரிமையையும் சேர்த்து எழுதுவார். எட்டில் ஒரு பங்கு என்றால் எட்டு நாளைக்கு ஒருமுறை உனது இறைப்பு முறை.

உறுதியில் எழுதாத சட்டங்களும் இருந்தன. ஐயா சொன்னவற்றில் சிலதைச் சொல்கிறேன். அடுத்தவன் முறையைக் கேட்டு வாங்கலாம், பறிக்கக் கூடாது. ஒருவனுடைய கன்று வாடினால் முறைக்காரன் அரை நாள் விட்டுக்கொடுப்பான். அதை மற்றவன் பிறகு திருப்பிக் கொடுப்பான். துண்டு எழுதுவதில்லை. கோடையில் தண்ணீர் அடிக்குப் போனால் எல்லோரும் கூடிக் கதைத்துப் பயிரின் அளவைக் குறைப்பார்கள். வருஷத்துக்கு ஒரு தரம் பங்குக்காரர் எல்லோரும் சேர்ந்து கிணற்றைக் கலக்கி இறைத்துச் சேறு அள்ளுவார்கள். வர முடியாதவர் தனக்குப் பதில் ஆள் விட வேண்டும். ஒழுங்கையில் ஒரு செத்தவீடு என்றால் அன்றைக்கு இறைப்பு இல்லை.

மண்ணையும் அப்படித்தான் பார்த்தார்கள். பூவரசங்குழை வெட்டித் தாழ்ப்பது, பனையோலை தாழ்ப்பது, ஆடு மாடுகளை இரவில் காணிக்குள் பட்டி அடைப்பது என்று மண்ணுக்குச் சாப்பாடு கொடுத்தார்கள். நெல் வயலில் மொட்டைக்கறுப்பன் போன்ற பழைய இனங்கள். தைப்பூசத்தன்று புதிர் எடுத்துப் புது அரிசிச் சோறு ஆக்கிய பிறகுதான் மற்றதெல்லாம். களத்தில் நெல்லைப் "பொலி" என்பார்கள். அளக்கும்போது ஒன்று என்று தொடங்காமல் "லாபம்" என்று தொடங்குவார்கள்.

இதைக் கேட்டுவிட்டு நான், "எவ்வளவு நல்ல பழக்கங்கள் ஐயா" என்றேன். அவர் சிரித்தார்.

"லாபம் எண்டு எண்ணினது காணிக்காரற்ற நெல்லை. எங்கட கூலி நெல்லை அளக்கேக்க ஒண்டு, ரெண்டு எண்டுதான் எண்ணினவை."

சபையோரே, இந்த இடத்தில்தான் எனது பேச்சின் முக்கியமான பகுதி வருகிறது. எங்கட ஒன்றுகூடல்களில் ஊரைப் பற்றிப் பேசினால் பொற்காலம் என்று பேசி முடித்துவிடுகிறோம். எனது அப்பப்பா காணிக்காரர். ஐயாவின் தகப்பனார் அப்படிப்பட்டவர்களின் காணிகளில் கூலிக்குத் துலா மிதித்தவர். அவர்களுக்குப் பங்குக் கிணற்றில் பங்கில்லை. உறுதியில் பெயரில்லை. பொற்காலத்தை அப்பப்பாவின் திண்ணையில் இருந்து பார்த்தால் ஒரு மாதிரி. துலாவின் மேல் நின்று பார்த்தால் வேறு மாதிரி.

"விடிய விடியத் தோட்டக் கிணத்தில இறைப்பம். தண்ணி விடாய்ச்சு வீட்டுப் பக்கம் போனால், வீட்டுக் கிணத்துக் கயித்தை நாங்கள் தொடக் கூடாது. ஆரும் வந்து மேல நிண்டு ஊத்த, கையை ஏந்திக் குடிக்க வேணும். ஆரும் வராட்டிக் காத்து நிக்க வேணும். அப்பு இறைச்ச தண்ணியிலதான் அந்த வீட்டு வெங்காயம் விளைஞ்சது. அந்தக் கை வீட்டுக் கிணத்துக்கு ஆகாது."

இதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. எங்கட மேசையில் பொதி கட்டிக்கொண்டே சொன்னார். எனக்குத்தான் கை ஓடவில்லை.

இந்த நிலைமை தானாக மாறவில்லை. 1957 இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. பொது இடங்களில் சாதியின் பேரால் ஒருவரைத் தடுப்பது குற்றம் என்று அது சொன்னது. சட்டம் கொழும்பில் இருந்தது, வழக்கம் ஊரில் இருந்தது. 1966 ஆம் ஆண்டு ஒக்டோபர் 21 ஆம் திகதி சுன்னாகத்தில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் போனார்கள். பொலிசார் அடித்தார்கள். 1968 இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் உள்ளே போக உரிமை கேட்டு நின்றார்கள். சங்கானையில் தேநீர்க் கடைகளுக்குள் போய் இருந்து தேநீர் குடிப்பதற்கே போராட வேண்டியிருந்தது. அப்போது ஐயாவுக்கு ஒன்பது வயது. எங்கட கிராமப் பண்பாடு மாறியது என்றால் அதில் ஒரு பகுதி இப்படி அடி வாங்கியவர்களால் மாறியது. அந்த மாற்றத்தை இழப்பு என்று யாரும் சொல்ல முடியாது.

வேறு மாற்றங்களும் வந்தன. மண்ணெண்ணெயில் ஓடும் இறைக்கிற மெசின் 1950 களில் இருந்து பரவத் தொடங்கியது. 1970 இல் வந்த சிறிமாவோ பண்டாரநாயக்கா அரசாங்கம் மிளகாய், வெங்காயம் போன்றவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்த, எங்கட தோட்டக்காரர் கையில் காசு புழங்கியது. கல்வீடுகள் எழும்பின. வன்னியில் முத்தையன்கட்டு, விசுவமடு என்று இளைஞர்கள் போய் மிளகாய் செய்தார்கள். யூரியாவும் பூச்சி மருந்தும் வந்தன. 1977 இல் ஜே.ஆர். ஜெயவர்த்தனாவின் அரசாங்கம் இறக்குமதியைத் திறந்துவிட்டது. வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வந்து இறங்க, எங்கட விலை விழுந்தது.

மெசின் வந்தது நல்லதா கெட்டதா என்று ஐயாவிடம் கேட்டேன்.

"ரெண்டும்தான். மெசினால அப்புவின்ர துலா வேலை போச்சு. ஆனா முதுகு நிமிந்துது. பிறகு கூலி காசாக் கிடைச்சுது. காசு எண்டால் எந்தக் கடைக்கும் போகலாம். கூலி நெல்லை நம்பி இருந்தால் அடுத்த வருசமும் அதே படலையில போய் நிக்க வேணும். ஆனால் தண்ணிக்கு அது நல்லதில்லை. துலா மிதிச்சால் கால் நோகும், நிப்பாட்டுவம். மெசினுக்குக் கால் நோகாது."

இந்த ஒரு வசனத்தில் பெரிய விஞ்ஞானம் இருக்கிறது. யாழ்ப்பாணத்து நிலத்தடியில் நல்ல தண்ணீர் உவர்த் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டு இருக்கிறது. நல்ல தண்ணீர் பாரம் குறைந்தது என்பதால் மேலே நிற்கிறது. மெல்ல இறைத்தால் இரவில் ஊற்று ஊறிக் கிணறு பழைய மட்டத்துக்கு வரும். மெசின் போட்டு அளவுக்கு மேல் உறிஞ்சினால் கீழே இருக்கும் உவர் மேலே ஏறும். ஏறின உவரை இறக்க நல்ல மாரிகள் பல வேண்டும். அளவுக்கு மேல் போட்ட உரமும் செம்மண்ணுக்குள்ளால் இறங்கிக் கிணற்றுக்குத்தான் வருகிறது. வலிகாமத்தில் பல கிணறுகளில் நைத்திரேற்று குடிநீருக்குரிய எல்லையைத் தாண்டி இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இது பச்சைக் குழந்தைகளுக்குக் கூடாதது. 2014, 2015 காலப்பகுதியில் சுன்னாகம் பக்கத்துக் கிணறுகளில் கழிவு எண்ணெய் கலந்ததும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

2021 இல் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடைசெய்து, அதே வருஷக் கடைசியில் தடையை எடுத்தது. விளைச்சல் விழுந்தது. அதைப் பற்றியும் ஐயாவிடம் கேட்டேன். "ஐம்பது வருசம் யூரியாவில நிண்ட மண் ஒரு போகத்தில மாறாது தம்பி. குழையைத் தாட்டுத் தாட்டு மெல்லத்தான் திருப்ப வேணும்" என்றார்.

அதாவது, துலாக் காலத்தில் அளவு என்பது மனிதனின் காலில் இருந்தது. மெசின் வந்த பிறகு அளவை மனதில் வைத்திருக்க வேண்டும். பங்குக் கிணற்றுச் சட்டங்களின் பெறுமதி எனக்கு அப்போதுதான் விளங்கியது. உனக்கு முடியும் என்பதற்காக எல்லாவற்றையும் எடுக்காதே, நாளைக்கு அடுத்தவன் முறை. இதுதான் அதன் சாரம். அந்தச் சட்டத்தில் இருந்த ஒரே குறை, துலா மிதித்தவனை அது பங்காளியாக எண்ணவில்லை.

இனி இன்றைக்கு வருவோம். எங்கட காணிகள் 1990 இல் இருந்து உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்தன. போர் முடிந்த பிறகு பகுதி பகுதியாக விட்டார்கள். எங்கட துண்டு விடுபட்டதும் மாமா போய்ப் பார்த்தார். வீடு இல்லை. எல்லைக் கதியால் ஒன்றும் இல்லை. பற்றைக்குள் கிணறு மட்டும் இருந்தது. பங்குக்காரரில் ஒருவர் கனடாவில், ஒருவர் லண்டனில், ஒருவர் 2009 இல் வன்னியில் இறந்துவிட்டார். மிச்சம் நாங்கள்.

இப்போது அங்கே ஒரு குடும்பம் அந்தக் காணிகளைத் துப்புரவாக்கித் தோட்டம் செய்யக் கேட்கிறது. கிணற்றையும் தாங்களே இறைத்துத் திருத்துகிறோம் என்கிறார்கள். எங்கட சொந்தக்காரரில் சிலருக்கு விருப்பமில்லை. ஒருவர், மதில் கட்டிக் குழாய்க் கிணறு அடித்துப் பூட்டி வைப்போம் என்கிறார். இன்னொருவர் தொலைபேசியில் குரலைத் தணித்து, "அவையள் வேற ஆக்கள்" என்றார்.

கேளுங்கோ சபையோரே. முப்பது வருஷம் அகதியாக அலைந்து, பிற நாட்டில் குடியுரிமை கேட்டு வரிசையில் நின்று, இங்கே எல்லா இனத்தோடும் ஒரே குழாயில் தண்ணீர் குடித்துவிட்டு, அங்கே பற்றைக்குள் கிடக்கும் கிணற்றுக்கு மட்டும் இன்னும் சாதி பார்க்கிறோம். நான் எங்கட பங்குக்குச் சம்மதம் என்று சொல்லிவிட்டேன். குத்தகை எழுதும்போது கிணற்றின் இறைப்பு முறையையும் சேர்த்து எழுத வேண்டும் என்றும் கேட்டிருக்கிறேன். மற்றப் பங்குக்காரர் இன்னும் கதைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். என்ன முடிவு வருமோ தெரியாது.

இதை ஐயாவுக்குச் சொன்னேன். அவர் கனநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "கிணறு சும்மா கிடந்தால் தூந்து போகும்" என்று மட்டும் சொன்னார்.

ஐயாவைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அவர் இங்கே ஒரு சிறு தோட்டத் துண்டு வாடகைக்கு எடுத்து வைத்திருக்கிறார். ஜேர்மன்காரர் "கிளைன்கார்ட்டன்" என்பார்களே, அது. அந்தத் தோட்டங்களுக்கென்று 1983 இல் வந்த சட்டப்படி ஒரு துண்டு 400 சதுர மீற்றருக்கு மேல் இருக்கக் கூடாது. எங்கட கணக்கில் ஏறத்தாழ ஒன்றரைப் பரப்பு. முழுவதையும் புல்லாக விட முடியாது, ஒரு பகுதியில் மரக்கறி, பழம் வைக்கத்தான் வேண்டும். அவருடைய தோட்டத்தில் தண்ணீர் எல்லோருக்கும் பொது. வருஷத்தில் சில மணித்தியாலம் எல்லா உறுப்பினரும் சேர்ந்து பொது வேலை செய்ய வேண்டும். வராதவர் காசு கட்ட வேண்டும்.

"இது எங்கட பங்குக் கிணறுதான் தம்பி. ஆனால் இஞ்ச எனக்கும் பங்கிருக்கு" என்றார்.

ஊரில் ஒரு பரப்புக் கூடச் சொந்தமில்லாதவரின் மகன். அந்த ஒன்றரைப் பரப்பில் மிளகாய், தக்காளி, பூசணி எல்லாம் வைத்து, எங்கட தொழிற்சாலையில் துருக்கிக்காரர், போலந்துக்காரர் எல்லோருக்கும் பை கட்டிக் கொண்டுவந்து கொடுக்கிறார்.

முடிவாக, புத்தாண்டு நாளில் உங்களிடம் மூன்று விஷயம் கேட்கிறேன்.

ஒன்று, ஊர் உறுதிகளை எடுத்து வாசியுங்கள். உங்கள் பங்கு எந்தக் கிணற்றில், வாய்க்கால் எதனால் போகிறது, யாருடன் பங்கு என்று இருக்கும்போதே பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மதில் கட்டிப் பூட்டி வைப்பதைவிட, மண்ணில் வேலை செய்கிறவர் கையில் ஒழுங்கான எழுத்தோடு கொடுப்பது நல்லது.

இரண்டு, இங்கே உள்ள வயதுபோன தொழிலாளிகளிடம் கேளுங்கள். காணிக்காரரின் கதை எப்படியும் மிஞ்சும், அதற்கு உறுதி இருக்கிறது. துலா மிதித்தவரின் கதைக்கு அவர் வாய் ஒன்றுதான் உறுதி. அவர் போனால் அதுவும் போய்விடும். இந்த மலரின் அடுத்த இதழில் அப்படியானவர்களின் அனுபவங்களுக்குப் பக்கம் ஒதுக்க வேண்டும் என்று மலர்க் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

மூன்று, பண்பாடு என்று பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது தெரிந்து கொடுங்கள். நெல்லைப் புடைக்கிறபோது பதரைத் தள்ளிவிட்டுத்தானே அரிசியைச் சேர்க்கிறோம். முறை வைத்துப் பகிர்ந்தது, கோடையில் அளவைக் குறைத்தது, வருஷத்துக்கொரு தரம் கூடிச் சேறு அள்ளியது, இதெல்லாம் எங்கட அரிசி. கை ஏந்த வைத்துத் தண்ணீர் ஊற்றியது பதர். கலியாணப் பேச்சு வரும்போது "எந்த ஆக்கள்" என்று விசாரிக்கிறோமே, அதுவும் அந்தப் பதர்தான்.

சித்திரையில் நாளேர் பூட்டுவது எங்கட வழக்கம். ஏரும் மாடும் இங்கே இல்லை. மனம் இருக்கிறது. இந்த வருஷம் எல்லோருக்கும் வேலையும் சுகமும் விளைச்சலும் கிடைக்க வேண்டும் என்று வேண்டுகிறேன்.